மூன்றில் ஒரு பங்கு

பண்ணைக்காட்டில் ஒரு ஏக்கர் காப்பித் தோட்டத்தை மூன்று வாரிசுகளுக்குச் சமமாகப் பிரித்து, ஆளுக்கு 33.33 சென்ட் என்று எழுதினால், கூட்டுத்தொகை 99.99 சென்ட்தான் வரும். விடுபடும் 0.01 சென்ட் என்பது ஏறக்குறைய 4.36 சதுர அடி. ஒரு காப்பிச் செடிக்குக்கூடக் காணாது என்றாலும், கணக்கு இடிக்கிறது. குறை தசமத்தைப் பாதியில் நிறுத்தியதில் இருக்கிறது. 1/3 என்றே எழுதினால் எதுவும் விடுபடாது.

இரு முழு எண்களின் பின்னமாக, பகுதி பூச்சியம் ஆகாமல் எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். 5, −3/4, 0.25 எல்லாம் அதில் சேரும். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் தசமம் முடியாமல் சுழலும்.

கூட்டலில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 1/4 + 1/20 என்றதும் மேலும் கீழும் கூட்டி 2/24 என்பார்கள். அது 1/12, காலைவிடச் சிறியது! திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வர வழியில்லை. மா என்பது 1/20; கால் என்பது ஐந்து மா; ஆகக் கூடுதல் ஆறு மா, அதாவது 3/10. இன்று பொதுப் பகுதி காண்பது என்று சொல்லித்தருவதும் இதைத்தான்.

ஆனால் 1/3 அந்த முறைக்கும் பிடிகொடுக்கவில்லை. முந்திரி 1/320, 320-ஐ மூன்றால் வகுத்தால் 106 போக 2 மிஞ்சும். அதற்கும் கீழே உள்ள கீழ்முந்திரி 1/1,02,400. அந்த எண்ணும் மூன்றால் மீதியின்றி வகுபடாது.