பெயர் பட்டியலில் இருக்கிறது, கணனி ‘இல்லை’ என்கிறது

எங்கள் பகுதியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சேர்ந்து ஒரு பெயர்ப்பட்டியலைப் பேணி வருகிறார்கள். 2010 இல் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யத் தொடங்கியது. பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், எங்கெங்கே முறைப்பாடு கொடுத்தார்கள் என்ற விபரங்கள் அதில் உள்ளன. அதை யூனிகோட்டுக்கு மாற்றி, பெயரைத் தேடுவதற்கு ஒரு சிறிய மென்பொருளை 2014 இல் எழுதிக் கொடுத்தவன் நான்.

அந்தப் பழைய மடிக்கணனி இப்போது ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. புதுக் கணனி ஒன்று கிடைத்ததும் மென்பொருளை அதற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பின்னேர வேலை என்றுதான் நினைத்தேன்.

புதுக் கணனியில் மென்பொருள் திறக்கவே இல்லை. காரணம் எளிது. நான் அதை எழுதியது பைதன் 2 இல். பழைய கணனியின் உபுண்டு 14.04 இயங்குதளத்தில் அது கூடவே வந்தது. பைதன் 3 வெளியானது 2008 இல். பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடா. பைதன் 2 க்கான ஆதரவை 2015 இல் நிறுத்த இருந்தார்கள். மாறாதவர்கள் அதிகம் என்பதால் 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். புதுக் கணனியில் உள்ள உபுண்டு 24.04 இன் களஞ்சியத்தில் பைதன் 2 இல்லை. அத்திவாரம் மாறினால் சுவரையும் திருத்தத்தானே வேண்டும்.

முதலில் பட்ட பிழைகள் கண்ணுக்குத் தெரிந்தவை. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதன் 2 இல் வழமையான முறையில் கேட்டால் 15 என்னும். பைதன் 3 இல் 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பழையது பைட்டை எண்ணியது, புதியது குறியீட்டை எண்ணுகிறது. இதனால் அச்சிடும் அட்டவணை குலைந்தது. அதைத் திருத்தினேன்.

பிறகு பரிசோதித்தேன். பட்டியலில் இருந்து பெயர்களைப் பிரதிசெய்து தேடினேன். எல்லாம் கிடைத்தன. வேலை முடிந்தது என்று கொடுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை ஒரு அம்மா வந்தார். மகனின் பெயர் ‘யோ’ என்று தொடங்கும். தட்டச்சுச் செய்து தேடினோம். ‘பதிவு இல்லை’ என்று வந்தது.

“தம்பி, நான்தானே முதல் முதல் பதிஞ்சனான். என்ர பிள்ளையின்ர பேரை எடுத்துப்போட்டியளோ?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பழைய கணனியைப் போட்டுத் தேடினேன். பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். பாமினியில் ‘யோ’ என்று அடிக்க, முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ய, பிறகு அரவு என மூன்று விசைகள். என் பழைய மாற்றி கொம்பை ய வுக்குப் பின்னால் நகர்த்தியதே தவிர, கொம்பையும் அரவையும் தனித்தனித் துண்டாகவே விட்டிருந்தது. யூனிகோட்டில் ஓகாரக் குறிக்குத் தனியாக ஒரே குறியீடும் உண்டு. புதுக் கணனியின் விசைப்பலகை தருவது அதையே. திரையில் இரண்டும் ஒன்று. கணனிக்கு வேறு வேறு. பழைய மென்பொருளில் தேடும் சொல்லையும் பாமினி முறையில் அடித்து அதே மாற்றியால் மாற்றியதால் இரு பக்கமும் பொருந்தியது. நான் பிரதிசெய்து பரிசோதித்தபோதும் அதே துண்டுகள்தான் பொருந்தின. பிழை பிடிபடாததற்கு அதுவே காரணம்.

ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி பைதனிலேயே உண்டு. பட்டியலுக்கும் தேடும் சொல்லுக்கும் அதைப் பயன்படுத்தியதும் பெயர் வந்தது. ஆனால் ‘கௌரி’ போன்ற பெயர்கள் தீரவில்லை. பாமினியில் ஔகாரக் குறிக்கு ள எழுத்தையே அடிப்போம். அதனால் அவை கொம்பும் ளகரமுமாகவே பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் கணனியால் மாற்றவும் முடியாது. ‘தெளிவு’ என்ற சொல்லில் வருவது உண்மையான ளகரம். அந்தப் பெயர்களை இரண்டு பேர் இருந்து ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்தினோம்.

இப்படியான பட்டியல்கள், வாக்குமூலங்கள், காணி விபரங்கள் பாமினியில் உங்களிடமும் இருக்கலாம். பழைய கணனி உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காமல் இரண்டு பிரதிகள் எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். அச்சுப்பிரதி ஒன்றும் இருக்கட்டும். இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகளில் இந்த விபரங்களை ஒட்டாதீர்கள்; அவை எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியாது. மாற்றிய பிறகு, பெயர்களைக் கடதாசியில் பார்த்துப் புதிதாகத் தட்டச்சுச் செய்து தேடுங்கள். முக்கியமாக ஒ, ஓ, ஔ ஒலி வரும் பெயர்களை.

ஓடாமல் நின்ற மென்பொருளால் எங்களுக்கு நட்டம் இல்லை. நின்றது தெரிந்தது, திருத்தினோம். ஓடிக்கொண்டே ‘இல்லை’ என்று சொன்னதுதான் ஆபத்து. அந்த அம்மா பதிந்ததை உறுதியாகச் சொல்லியிராவிட்டால் நானும் கணனியைத்தான் நம்பியிருப்பேன்.