பிராணவாயுவுக்கும் அளவுண்டு

நோயாளரைச் சந்திக்க மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. மூச்சுத்திணறலால் தவிக்கும் முதியவரின் கட்டிலருகே நிற்கும் மக்கள், "இன்னும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள், சிஸ்டர்!" என்று கெஞ்சுவர். செவிலியர் மறுத்தால், இரக்கமற்றவர் என்று குறைகூறுவர். அன்பினால் எழும் இவ்வேண்டுதல் சில வேளைகளில் தீமையாகவே முடியும்.

பிராணவாயு ஒரு மருந்து. இரத்தத்தில் அது குன்றினால் மூளையும் இதயமும் விரைவில் பழுதுறும். ஆகவே அவசர சிகிச்சையில் அதனைத் தாமதமின்றி அளிக்கின்றனர். ஆனால், நெடுங்காலம் புகைபிடித்தோ விறகடுப்புப் புகையில் உழன்றோ நுரையீரல் நலிந்தவர்களுக்கு அது மிகுந்துவிட்டால், உடலில் கரியமிலவாயு தேங்கும். முதலில் உறக்கக்கலக்கமும், பின்னர் நினைவிழப்பும் உண்டாகி, உயிருக்கே ஊறு நேரிடலாம்.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா மாநிலத்தில் இதனை ஆய்ந்து, 2010-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இத்தகைய நோயுடையோர் எனக் கருதி ஆம்புலன்சில் ஏற்றப்பட்ட 405 பேரில், 226 பேருக்கு வழக்கம்போல் மிகுதியாகவும், 179 பேருக்கு அளந்தும் பிராணவாயு அளிக்கப்பட்டது. முன்னவருள் 21 பேர் இறந்தனர். பின்னவருள் இறந்தோர் 7 பேரே.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவி, அவசர நோயாளர் பெரும்பாலோருக்கு 94 முதல் 98 வரை காட்டவேண்டும் என்பது பிரிட்டனில் 2008-இல் வகுக்கப்பட்ட நெறி. மேற்கூறிய நுரையீரல் நோயாளருக்கோ 88 முதல் 92 வரை போதுமென அந்நெறியே கூறுகின்றது. எனவே, அத்தகையவருக்கு 90 எனக் காட்டுவதை மருத்துவரின் அசட்டை என்று எண்ணலாகாது.

அவ்வாறாயின் குடும்பத்தார் செய்யத்தக்கது யாது? நோயாளருக்கு எத்தனை ஆண்டுகளாக நுரையீரல் நோய் உள்ளது, புகைப்பழக்கம் உண்டா என்பவற்றை மருத்துவரிடம் மறையாது கூறுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தவறாது கொண்டுசெல்லுங்கள். சிலிண்டரின் திருகை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டா. நோயாளர் வழக்கத்திற்கு மாறாக உறங்கி வழிந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். பிராணவாயு ஓடும் கட்டிலருகே, செபத்திற்காகவேனும் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். அங்கே சிறு பொறியும் பெருந்தீயாகும்.

"முகமூடி வைத்துவிட்டார்கள், இனி முடிந்தது" என்று அஞ்சி அதனை மறுப்போரும் நம்மிடையே உளர். அதனை அணிந்து, நலம் பெற்று, தம் கால்களால் நடந்து வீடு திரும்பியோர் பலரை நாம் கண்டிருக்கிறோம். அஞ்சி மறுப்பதும் ஆசையால் மிகுப்பதும் வேண்டா. அளவறிந்தவர் கையில் அதனை ஒப்படைப்பதே உண்மையான அன்பு.