தாத்தாவின் துப்பாக்கியும் கருந்துருவும்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் கருமை வண்ணப்பூச்சு அல்ல, துரு. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த மேக்னடைட் என்ற கருந்துரு. தாத்தா காலமான பின் ஆண்டுக்கணக்கில் உறைக்குள் கிடந்த துப்பாக்கியில் படர்ந்திருக்கும் செந்துருவும் இரும்பும் ஆக்சிஜனும்தான். கூடக் கொஞ்சம் நீர். குணம் மட்டும் நேரெதிர். செந்துரு, தான் தின்ற இரும்பைப் போல் சுமார் 3 மடங்கு இடம் கேட்கும். உப்பிப் பொருக்காகி உதிரும், ஈரத்தை உள்ளே விடும். கருந்துரு குழலோடு இறுகப் பற்றி நிற்கும், பூசிய எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நல்ல கைவினைஞர் செய்வது, செந்துருவைக் கருந்துருவாக மாற்றும் வேலை. குழலைப் பிசுக்கில்லாமல் துடைத்து, அமிலம் கலந்த உப்புக் கரைசலை மெல்லப் பூசி, ஈரப்பதமான பெட்டிக்குள் வைத்துவிடுவார். வேண்டுமென்றேதான் துருப்பிடிக்க விடுகிறார்! சீரான செம்படலம் படிந்ததும் கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்துவார். சில நிமிடங்களில் சிவப்பு கறுத்துவிடும். தளர்ந்த பொடியை மென்கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் கருமை ஏறும். வேலை நாட்கணக்கில் இழுக்கும்.

குறுக்கு வழி உண்டு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவைத்து முக்கினால் ஒரே தடவையில் கறுத்துவிடும். பழைய இரட்டைக்குழலுக்கு அது எமன். இரு குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு. அது உருகும் அளவுக்குச் சூடு ஏறாவிட்டாலும் காரம் வெள்ளீயத்தைக் கரைத்துவிடும். பட்டைக்கடியில் புகுந்த உப்போ வெளியேறாமல் அங்கேயே இருந்து அரிக்கும்.

19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லீஜ் வட்டாரத்திலும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் உருவான டமாஸ்கஸ் குழல்களில் இன்னும் கவனம் தேவை. இரும்பையும் எஃகையும் அடுக்கி, முறுக்கி, தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து இணைத்தவை அவை. தென்னிந்திய உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாள்களோடு பெயரளவில்தான் உறவு. வாளின் வரிகள் உருக்குக்குள்ளேயே விளைந்தவை. குழலின் வரிகள் முறுக்கியவர் கைவேலை. அமிலம் இரும்பையும் எஃகையும் ஒரே அளவில் அரிப்பதில்லை, அதனால்தான் வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பவர், குழலைச் சோதித்த முத்திரைகளையும் சேர்த்து அழித்துவிடுவார்.

துப்பாக்கியின் வால்நட் கட்டையில் அமுங்கிய பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய நார்கள் ஆவியில் உப்பி எழும். அறுந்த நார் எழாது. தாத்தாவின் கன்னம் பட்டு மெருகேறிய இடத்தை மட்டும் நானாக இருந்தால் தொடமாட்டேன். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். ஆனால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிவிடும். துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

வெளியே பளபளத்தாலும் சுட ஏற்றதென்று அர்த்தமில்லை. பழைய தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையிலிருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் தங்கும். அந்த உப்பு ஈரத்தை ஈர்த்து உட்சுவரில் குழி பறிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். சுவரின் தடிமனை அளக்காமல், கரிமருந்துக்கென்று செய்த குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது கையைப் பணயம் வைப்பது.

இதெல்லாம் தொடங்குமுன் இந்தியாவில் இன்னொன்று இருக்கிறது. துப்பாக்கி வாரிசுக்கு வரும், உரிமம் வராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பழுதுபார்ப்பவரிடமும் அதற்கான உரிமம் இருக்க வேண்டும். ஆகவே முதல் நடை காவல் நிலையத்துக்கு, பட்டறைக்கு அப்புறம்.