தமிழ்ச் சொல்லடைவு மென்பொருளும் புற நிரல் நூலகச் சார்பும்

மென்பொருள் ஆக்குவோர் பிறர் எழுதிய நிரல் நூலகத்தைச் சார்வதா, தாமே எழுதிக்கொள்வதா என்பதைப் பெரும்பாலும் நிரலின் அளவு கொண்டே முடிவு செய்கின்றனர். சிறிய நிரலுக்குப் பிறரைச் சார்தல் தீங்கு என்பதற்கு 2016 மார்ச்சு நிகழ்வைக் காட்டுவர். 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், இடைநிலைப் பொதிகளின் வழியே அதனைச் சார்ந்திருந்த 'பேபல்' முதலியவற்றை நிறுவ இயலாது போயிற்று.

எனினும் தமிழ்ச் சொல்லடைவு உருவாக்கத்தில் இவ்வளவுகோல் போதாது. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தோன்றாது. தேடலிலோ ஒன்று விடுபடும். நிகழ்வெண் குறைய, அதன்மேல் எழும் ஆய்வு முடிவும் பிறழும். இதனைச் சீர்செய்யச் சில வரிகள் போதுமெனத் தோன்றும். ஆயின் 'ஔ' என்னும் உயிரெழுத்துக்கும் இத்தகைய இரட்டை வடிவம் உண்டென்பது எளிதில் மறக்கப்படும். ஆகவே ஒருங்குறி இயல்பாக்கத்துக்கு முன்னரே சோதிக்கப்பட்ட செயற்கூறைக் கொள்வதே தகும். பைத்தான் மொழியில் அஃது உடனுறை நூலகத்திலேயே உள்ளமையால் புறச்சார்பும் நேராது. அகரவரிசைக்கு அவ்வசதி இல்லை. குறியீட்டெண் வழி அடுக்கினால் 'ன' பகரத்திற்கு முன் வந்துவிடும். ஒருங்குறிச் சேர்த்தியம் பேணும் 'ஐசியு' நூலகத்தைச் சார்தல் பொருந்தும்.

சங்கப் பாடல்களின் சந்தி பிரிப்பு இவற்றோடு ஒப்பதன்று. ஓரடியைப் பலவாறு பிரிக்க இடமிருக்கையில், எப்பிரிப்பைக் கொள்வது என்பதே ஆய்வு. அம்முடிவைப் புற நூலகத்திடம் ஒப்படைத்தால், ஆய்வாளர் தாம் ஆராயாத பாடத்துக்குப் பொறுப்பேற்க நேரிடும். அவ்விதிகள் எத்துணை நீளினும் திட்டத்துக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். சார்ந்த நூலகங்களின் பதிப்பெண்ணைச் சொல்லடைவோடு குறித்து, படியொன்றையும் சேமித்து வைத்தால், பின்வருவோர் அதே எண்ணிக்கையை மீண்டும் பெற இயலும்.