பொங்கும் மதுவுக்கு எந்தக் கொடிமுந்திரி?

நம்மவர் வீட்டுக் கல்யாண வரவேற்புகளில் இப்போதெல்லாம் ஷாம்பெயின் பாட்டிலைக் குலுக்கித் திறப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. செம்பூரில் பார்க்கிறோம், மாட்டுங்காவில் பார்க்கிறோம், தாராவிப் பிள்ளைகள் புத்தாண்டு இரவில் எடுக்கும் படங்களிலும் பார்க்கிறோம். “ஐயா, நீங்கள் திராட்சை வியாபாரி ஆயிற்றே, ஷாம்பெயின் பிரியனுக்கு எந்தத் திராட்சை உயர்ந்தது, சொல்லுங்கள்” என்று சங்கத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. நான் விற்றது உலர்ந்த திராட்சை. சமணக் குடியில் பிறந்தவன், மதுவை நாவில் வைத்தவன் அல்லன். ஆனாலும் நாசிக்குக்கும் தாஸ்காவுக்கும் நாற்பது வருடம் போய் வந்ததில் கொடியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ருசியைக் கொண்டு சொல்ல முடியாததைக் காரணத்தைக் கொண்டு சொல்லலாம் அல்லவா? அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பழமையும்

திராட்சை என்பது வடசொல் வழி வந்தது. மராத்தியர் சொல்லும் ‘த்ராக்ஷ’வும் அதே சொல்தான். நம் பழைய பெயர் கொடிமுந்திரி. பிரேசில் நாட்டு மரமான முந்திரியைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பிறகு, முந்திரி என்ற பெயர் அந்தக் கொட்டைக்குப் போய்விட்டது. பழம் தன் பெயரை இழந்தது.

மதுவுக்கோ தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு என்று அடுக்கலாம். இவற்றுள் தேறல் என்பது தெளிந்த மது. புறநானூற்றில் நக்கீரர் பாடிய 56ஆம் பாட்டு, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதைச் சொல்லுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. பாட்டும் பானை ஓடும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஆகவே திராட்சை மது நமக்கு நேற்று வந்த பழக்கம் அல்ல. ஆனால் அது இறக்குமதிச் சரக்கு; அரண்மனைச் சரக்கு.

ஷாம்பெயின் என்றால் என்ன?

ஷாம்பெயின் என்பது ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். பிரான்சின் வடகிழக்கில், ரான்ஸ், எப்பர்னே என்னும் ஊர்களைச் சுற்றிய குளிர்ந்த சுண்ணாம்பு நிலம் அது. அங்கே விளைந்த திராட்சையில் அங்குள்ள முறைப்படி செய்ததற்கே அப்பெயர் உரியது. மற்றதெல்லாம் நுரைக்கும் மது, அவ்வளவுதான். கடையில் பேர் எப்படிச் சொன்னாலும் லேபிளைப் படித்துப் பாருங்கள்.

செய்முறை இரண்டு நொதிப்பு கொண்டது. முதலில் சாற்றை நொதிக்க வைத்துப் புளிப்பான, லேசான மது செய்கிறார்கள். அதைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளே மீண்டும் நொதிக்கும்போது எழும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் மதுவிலேயே கரைகிறது. பாட்டிலுக்குள் அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரை ஏறுகிறது. கார் டயரின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்க. கண்ணாடி அத்தனை கனமாக இருப்பதும் தக்கையைக் கம்பி போட்டுக் கட்டுவதும் இதனால்தான். குறைந்தது 15 மாதம், ஆண்டு குறித்த உயர் ரகமானால் 36 மாதம், நிலவறையில் கிடக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, வெளியே தள்ளிவிட்டு மூடுகிறார்கள். இந்த நுரையைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞ்ஞோன் என்ற துறவி என்பது கட்டுக்கதை. அவர் காலத்தில் நுரை ஒரு குறையாகவே எண்ணப்பட்டது.

மூன்று பழங்கள்

அங்கே பயிராவது பெரும்பாலும் மூன்றே வகை. ஒன்று ஷார்டனே, வெள்ளைத் திராட்சை. இரண்டு பினோ நுவார், கறுப்பு. மூன்று மூனியே, அதுவும் கறுப்பு. கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை மது எப்படி? நிறம் தோலில்தான் இருக்கிறது; சாறு வெளுப்பு. தோல் கசங்காமல் மெதுவாக அழுத்தினால் நிறம் இறங்காது. அதற்காகத்தான் 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டிலுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பழம் ஆகிறது.

ஷார்டனே மதுவுக்கு நேர்த்தியும் நீடிப்பும் தரும் என்பார்கள். பினோ நுவார் உடம்பு தரும். ஆனால் மெல்லிய தோல், நெருக்கமான குலை, வெயில் தாங்காத செல்லப்பிள்ளை. மூனியே என்றால் மாவு அரைப்பவர் என்று பொருள். இலையின் அடியில் மாவு தூவினாற்போல் வெண்மை இருப்பதால் அந்தப் பெயர். அது தாமதமாகத் துளிர்ப்பதால் வசந்தகாலப் பனிக்குத் தப்பிவிடும். உழவனுக்கு நம்பகமான பிள்ளை. மூன்றில் எது உயர்ந்தது என்று கேட்டால் அந்த ஊர்க்காரரே சண்டை போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலான ஷாம்பெயின் மூன்றையும் கலந்து செய்வதே. சாம்பாருக்குப் பருப்பு பெரிதா, புளி பெரிதா என்று கேட்பது போலத்தான்.

நம் பக்கத்துக் கொடிகள்

ஷாம்பெயின் 49 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. நாசிக் 20 பாகையில். அங்கே பனிக்காலத்தில் கொடி உறங்கும். இங்கே உறக்கமே கிடையாது. ஆகவே நம் உழவர் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள்: ஏப்ரலில் கொம்பு வளர்வதற்கு, செப்டம்பர் - அக்டோபரில் காய்ப்பதற்கு. பழம் ஜனவரி முதல் மார்ச் வரை வரும். மாட்டுங்கா மார்க்கெட்டில் தை பிறந்ததும் திராட்சை குவிவது இதனால்தான்.

அந்தக் குவியலில் பெரும்பங்கு தாம்சன் சீட்லெஸ் இனமும் அதன் பிள்ளைகளான தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா முதலியனவும். தின்பதற்கும் கிஸ்மிஸ் போடுவதற்கும் இவை பொன். மதுவுக்கோ போதாது. சர்க்கரை மிகும், புளிப்பு குறையும், வாசனை அடங்கும். தின்னும் பழம் பெரிதாக, தோல் மெலிந்து, கொட்டையில்லாமல் இருந்தால் விலை போகும். மதுப்பழம் சிறிதாக, கொட்டையும் புளிப்புமாக இருந்தாலே மதிப்பு. இரண்டும் வேறு வேறு சந்தை.

மராட்டிய மண்ணில் நுரைக்கும் மதுவுக்கு முதலில் பேர் வாங்கித் தந்தவர் ஷாம்ராவ் சவுகுலே. புணே மாவட்டம் நாராயண்காவில், பிரெஞ்சு நிறுவனமான பைப்பர் ஹைட்சீக்கின் நுட்ப உதவியோடு அவர் செய்தது 1980களில் ‘ஓமர் கய்யாம்’ என்ற பெயரில் வெளிநாடு போயிற்று. அந்த நிறுவனம் பின்னாளில் கடனில் மூழ்கி மூடப்பட்டது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் 1997இல் மதுத் திராட்சை நட்டு, 2000இல் சுலா என்ற பெயரில் முதல் மதுவை விற்றார். 2001இல் மாநில அரசு திராட்சை பதனிடும் கொள்கையை அறிவித்தது. 2013இல் பிரான்சின் மொயே ஹென்னஸி நிறுவனமே நாசிக் அருகே திண்டோரியைத் தேடி வந்து, ஷாந்தோன் என்ற பெயரில் நுரைக்கும் மதுவை வெளியிட்டது.

நாசிக்கில் நுரைக்கும் மதுவுக்குப் பெரிதும் பயன்படுவது ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை. பிரான்சின் லுவார் ஆற்றங்கரை அதன் தாய்வீடு. தென்னாப்பிரிக்காவில் ஸ்டீன் என்ற பெயரில் பரவியிருக்கிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சையை விட்டுவிடலாமா? 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. ஐரோப்பியரின் மஸ்கட் ஹாம்பர்க் இனம். வாசனையில் அதை வெல்ல ஆளில்லை. இத்தாலியில் மஸ்கட் குடும்பத்து வெள்ளைப் பழம் ஒன்றைக் கொண்டு அஸ்தி என்ற இனிப்பு நுரை மது செய்கிறார்கள். ஆனால் ஷாம்பெயின் பிரியன் தேடுவது வாசனைப் பொழிவை அல்ல, புளிப்பையும் அடக்கத்தையும்.

என் தேர்வு

ஆக, ஷாம்பெயின் பிரியன் ஒருவன் நம் மண்ணில் ஒரே ஒரு கொடியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அது ஷெனின் பிளாங்க். காரணம் எளிது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீதச் சாராயமாகும். வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். நுரைக்கும் மதுவுக்கோ முதல் நொதிப்பில் 10, 11 சதவீதம் தாண்டக் கூடாது. புளிப்பும் நிற்க வேண்டும். வெயிலிலும் புளிப்பை விட்டுக் கொடுக்காத குணம் ஷெனினுக்கு உண்டு. ஷார்டனேயும் பினோவும் இங்கே விரைவில் தளர்ந்துவிடும். நிலத்துக்கு ஏற்ற விதை என்ற பழைய வேளாண் நீதி இங்கேயும் பொருந்துகிறது. பம்பாய்க்கு வந்து வேர் விட்ட நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வார்த்தை

எந்தப் பழம் என்று சொல்லிவிட்டேன். குடிக்கலாமா என்பது வேறு கேள்வி. மது, ஊன், தேன் மூன்றையும் விலக்குவது சமண இல்லறத்தானின் அடிப்படை ஒழுக்கம். மது பல உயிர்கள் பிறக்கும் இடம் என்று அமிர்தசந்திரர் பத்தாம் நூற்றாண்டளவில் எழுதினார். நொதிப்பைச் செய்வது ஈஸ்ட் என்னும் உயிர் என்று பாஸ்டர் மெய்ப்பித்தது 19ஆம் நூற்றாண்டில். ஷாம்பெயின் பிரியர்கள் போற்றும் ரொட்டி வாசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாதக்கணக்கில் பாட்டிலில் மடிந்து கிடக்கும் அந்த ஈஸ்டிலிருந்துதான். திருவள்ளுவரை நாங்கள் எங்களவர் என்போம், மற்றவர் தங்களவர் என்பார்கள். யாரவர் ஆனாலும், கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார் என்பதில் சண்டையில்லை.

சமயத்தை விடுங்கள்; ஊரைப் பாருங்கள். 2015 ஜூனில் மலாடு மால்வணியில் கள்ளச்சாராயம் நூறு பேருக்கு மேல் கொன்றது. செத்தவர்கள் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். ஒரே நகரத்தில் ஒருவன் கையில் ஷாம்பெயின், ஒருவன் கையில் விஷம். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடையில் பாட்டில் குலுங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்த வேறுபாட்டை யார் சொல்லித் தருவது?

குடிப்பவர் குடும்பம் அறிந்து, அளவறிந்து, சட்டம் சொல்லும் வயது அறிந்து குடிக்கட்டும். கல்யாண மேடையில் மட்டும் வேறொன்று செய்து பார்க்கலாமே: கம்பத்துப் பன்னீர்த் திராட்சையைப் பிழிந்த புதுச்சாறு, பெரியவர் சின்னவர் எல்லார் கையிலும் ஒரே கிண்ணம். உழவனுக்கும் விலை கிடைக்கும், நம் கொடிமுந்திரிக்கும் மானம் கிடைக்கும்.