வேண்டாத பொருளும் வேண்டுவோரும்

ஒரு பொருளைச் சம்பாதிப்பதுதான் கடினம், அதைக் கொடுப்பது எளிது என்றே நாம் எல்லோரும் எண்ணியிருக்கிறோம். ஆனால் வீட்டில் வேண்டாதென்று ஒதுக்கிய கட்டிலையோ, மெத்தையையோ, பழைய தொலைக்காட்சிப் பெட்டியையோ இலவசமாகக் கொடுக்க முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு கதை சொல்வார்கள். வருகிறேன் என்றவர் வருவதில்லை. வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். எடுத்துச் சென்றவரோ மறுநாளே அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டதாகக் காதில் விழுகிறது. "சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை, இந்தக் காலத்தில் எல்லோருக்கும் கர்வம் வந்துவிட்டது" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சலிப்பு நியாயமானதுதானா? விலையில்லாப் பொருள் ஏன் எளிதில் கைமாறுவதில்லை? இவற்றைச் சற்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவை மாறிவிட்டது

முதற்காரணம், நாம் கொடுக்க நினைக்கும் பொருள் பெறுபவரிடம் முன்பே இருப்பதாகும். தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் வழியாக மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவையும் குடும்ப அட்டை கொண்ட ஏராளமான வீடுகளுக்குச் சென்றன. ஆகவே, "பாவம், அவர்கள் வீட்டில் மிக்ஸி இராது" என்று நாமாக முடிவு செய்துகொண்டு, மூடி உடைந்த நம் மிக்ஸியைத் தூக்கிக் கொடுத்தால் அதை அவர்கள் எங்கே வைப்பார்கள்?

பாடநூல்களும் அப்படியே. 2018-ஆம் ஆண்டு 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், 2019-ஆம் ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்புக்கும் தமிழகத்தில் புதிய பாடநூல்கள் வந்தன. அதற்கு முந்தைய நூல்களைக் கட்டி வைத்து "ஏழைப் பிள்ளைகள் படிக்கட்டும்" என்றால், தேர்வு எழுதும் பிள்ளைக்கு அவை உதவா. மேலும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசமாகவே கிடைக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ஜியாமெட்ரி பெட்டியாகவோ, எழுதப்படாத நோட்டாகவோ, நல்ல அகராதியாகவோ இருக்கலாம்.

இலவசப் பொருளுக்கும் செலவு உண்டு

இரண்டாவது காரணம் வண்டிக் கூலி. நாம் கொடுக்கும் இரும்புப் பீரோவுக்கு விலை இல்லை. ஆனால் அது தானாக நடந்து போகாதே! அதை மாடியிலிருந்து இறக்க இரண்டு ஆள், ஏற்றிச் செல்ல ஒரு குட்டி யானை வண்டி, அங்கே போய் மீண்டும் ஏற்ற இரண்டு ஆள். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் இதற்காக ஒரு நாள் வேலையையும் இழக்க வேண்டும். ஒற்றை அறையில் நான்கு பேர் படுத்துறங்கும் வீட்டில் பெரிய கட்டிலை வைத்தால், படுக்க மூவருக்கு இடமிராது. அவர் வராமற்போனதற்குக் காரணம் கர்வமன்று, கணக்கு.

மெத்தையை எடுத்துக்கொள்வோம். இலவம்பஞ்சு மெத்தை என்றால், பஞ்சை வெயிலில் காய வைத்து, அடித்து, புது உறை தைத்து மீண்டும் பயன்படுத்தலாம். நுரை மெத்தை அமுங்கிவிட்டால் அதை நிமிர்த்த வழியில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடியிலோ ஈயம் கலந்துள்ளது. அதை உடைப்பதும் எரிப்பதும் உடலுக்கும் மண்ணுக்கும் கேடு. ஆதலால் கெட்டுப்போன மின் பொருள்களை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே அனுப்ப வேண்டும். அவற்றை ஏழைக்குக் "கொடுப்பது" உண்மையில் நம் குப்பையை அவர் தலையில் ஏற்றுவதே ஆகும். கொடுக்க ஆளில்லை என்று போகியன்று கொளுத்துவதும் வழியன்று. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகை மூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதை நாடே அறியும்.

"நாளை வருகிறேன்" என்பதன் பொருள்

மூன்றாவது காரணம்தான் மிக முக்கியமானது. நம் தெருக்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் அம்மாள் வருகிறார் அல்லவா? அவர் ஒவ்வொரு சேலையையும் உதறி, வெளிச்சத்தில் பிடித்து, கிழிசலைத் தேடிப் பார்ப்பார். "இது வேண்டாம், இன்னும் இரண்டு போடுங்க" என்பார். அதற்காக நாம் கோபிப்பதில்லை. அது வியாபாரம், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

அதே சேலையை வீட்டு வேலைக்கு வரும் அக்காளிடம் சும்மா கொடுத்துப் பாருங்கள். அவரால் உதறிப் பார்க்க முடியுமா? "கிழிந்திருக்கிறதே" என்று சொல்ல முடியுமா? தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழியே இருக்கிறது. வேண்டாம் என்றால் நன்றி கெட்டவள் என்ற பெயர் வரும். வேலைக்கே கேடு வந்தாலும் வரலாம். ஆகவே அவர் சிரித்த முகத்துடன் வாங்கிக்கொள்கிறார், அல்லது "அப்புறம் வந்து எடுத்துக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுகிறார். நாம் அதைப் பொறுப்பின்மை என்கிறோம். உண்மையில் அது மரியாதையாகச் சொல்லப்பட்ட "வேண்டாம்" ஆகும். முகத்துக்கு நேரே மறுக்க முடியாதவருக்கு அதைவிட வேறு வார்த்தை ஏது?

எடுத்துச் சென்றதைக் காயலான் கடையில் போட்டார் என்பதும் குற்றமன்று. கொடுத்த பின் அது அவருடைய பொருள். அதை விற்று ஒரு கிலோ அரிசி வாங்கினால், நம் பழைய இரும்பைவிட அந்த அரிசி அவ்வீட்டிற்கு நன்மையே செய்திருக்கிறது.

நாகப்பட்டினம் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, தமிழகத்தில் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது நாகப்பட்டினம் மாவட்டம். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக உதவிகள் வந்தன. அவற்றோடு பழந்துணிகளும் மலைபோல் வந்தன. அவற்றை உடுத்துவாரின்றிச் சாலையோரங்களில் அவை குவிந்து கிடந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. முதல் நாள் வரை கடலில் உழைத்துத் தம் பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்கிக் கொடுத்தவர்கள் அந்த மீனவ மக்கள். அவர்கள் வீட்டையும் உறவையும் இழந்தார்களே தவிர, தன்மானத்தை இழக்கவில்லை. பிறர் கழித்த கிழிசலைக் கட்ட அவர்கள் மறுத்ததில் வியப்பென்ன?

டெல்லியில் 1999-ஆம் ஆண்டு அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' என்னும் நிறுவனம் இக்குறைக்கு ஒரு வழி கண்டது. பழந்துணிகளைத் தரம் பிரித்து, தைத்துச் சீராக்கி, கிராமத்தார் கிணறு வெட்டுதல், பாதை போடுதல் போன்ற பொதுப்பணி செய்ததற்கு ஈடாக அது அளிக்கிறது. பெறுபவர் கை நீட்டவில்லை, உழைத்துப் பெறுகிறார். அன்ஷு குப்தாவுக்கு 2015-ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது.

திருநெல்வேலியில் 2017-ஆம் ஆண்டு மாவட்ட நிர்வாகம் அமைத்த 'அன்புச் சுவர்' மற்றொரு வழி. வேண்டாததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம். அங்கே கொடுப்பவர் முகம் பெறுபவருக்குத் தெரியாது. உதறிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிடலாம்.

புனிதர்கள் காட்டிய வழி

இதில் நம் திருச்சபைக்கு நெடிய அனுபவம் உண்டு. நான்காம் நூற்றாண்டில் போர்வீரராயிருந்த புனித மார்ட்டின், ஆமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஓர் ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அது அவர் கழித்துப்போட்ட ஆடையன்று. அப்போது உடுத்தியிருந்த ஆடை! சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சேப்பல்' என்ற சொல்லே அந்த மேலாடையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது.

1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் இருபது வயதே நிரம்பிய பிரெடரிக் ஓசானாம் தம் நண்பர்களுடன் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, இன்று நம் பங்குகளிலும் பணியாற்றுகிறது. ஏழைகளின் இல்லத்திற்கே சென்று சந்திப்பது அச்சபையின் தலையாய வழக்கம். முதலில் போய்ப் பார், உட்கார்ந்து பேசு, என்ன தேவை என்று அறி, பின்பு கொடு. பொருளை முதலில் எடுத்துக்கொண்டு ஆளைத் தேடுவதற்கும், ஆளை முதலில் கண்டு பொருளைத் தேடுவதற்கும் எவ்வளவு வேற்றுமை!

நாம் செய்யத்தக்கவை

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பினர் பொருள் சேகரித்தபோது, வந்தவற்றை மூன்றாகப் பிரித்தோம்: அப்படியே கொடுக்கத்தக்கவை, தைத்தோ துடைத்தோ கொடுக்கத்தக்கவை, எவருக்கும் ஆகாதவை. ஒற்றைச் செருப்பும், பாதிக் காய்கள் இல்லாத கேரம் பலகையும் மூன்றாம் குவியலில் சேர்ந்தன. இரண்டாம் குவியலுக்குப் பொத்தான் தைக்க மூன்று மாலைகள் ஆயின. ஓர் இல்லத்தை முன்கூட்டியே கேட்டபோது, "துணி வைக்க இடமில்லை, சோப்பும் தலைக்கு எண்ணெயும் இருந்தால் நல்லது" என்றார்கள். அதையே வாங்கிக் கொடுத்தோம்.

இதிலிருந்து சில வழிகளைக் கூறலாம். பல்லைப் பிடித்துப் பார்க்கும் வேலையைப் பெறுபவருக்கு வைக்காமல், கொடுக்கும் நாமே முதலில் பார்த்துவிட வேண்டும். குறை இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். துணியைத் துவைத்து மடித்துக் கொடுக்க வேண்டும். பெரிய பொருளானால் வண்டிக் கூலியையும் நாமே ஏற்க வேண்டும். "வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று நாமே முந்திக் கூறி, அவர் மறுத்தால் முகம் சுளிக்காதிருக்க வேண்டும். நம் தோழிக்குக் கொடுக்கக் கூசும் பொருளை எவருக்கும் கொடுக்கலாகாது.

வீட்டைக் காலி செய்வது ஒரு வேலை. ஈகை வேறொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்குரிய நன்றியை எதிர்பார்ப்பதனாலேயே சலிப்பு உண்டாகிறது. பெறுபவரும் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவர் என்பதை நினைவில் கொண்டு, அவர் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்ளும் வண்ணம் கொடுக்க முயல்வோமாக!