கொதிக்க வைத்தாலும் போகாது: கிணற்று நீரில் நைட்ரேட்

கைக்குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லாத பாட்டி கிடையாது. காலரா, டைபாய்டு கிருமிகளைப் பொறுத்தவரை பாட்டி சொல்வது முழுக்கச் சரி. நைட்ரேட் விஷயத்தில் அது பலிக்காது. கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர்தான். நைட்ரேட் அப்படியே பாத்திரத்தில் தங்கிவிடும். கால் பங்கு நீர் வற்றினால், மிஞ்சிய நீரில் அதன் செறிவு மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கும். நிறம், மணம், சுவை எதிலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. குளோரின் போட்டாலும், படிகாரம் கலக்கினாலும், புறஊதா விளக்கு வைத்த வடிகட்டியில் விட்டாலும் அது நகராது.

எங்கிருந்து வருகிறது? பாதி பதில் நம் வயிற்றிலேயே இருக்கிறது. பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் நைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறு. இரைப்பையில் பெப்சினும், சிறுகுடலில் கணையத்திலிருந்து வரும் டிரிப்சினும் அதை அமினோ அமிலங்களாக வெட்டுகின்றன. உடம்பு கட்டத் தேவையானது போக மிஞ்சுவதை உடைக்கும்போது நஞ்சான அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. உரக்கடை மூட்டையில் இருப்பதும் இதே யூரியாதான், வேதியியலில் துளி வித்தியாசம் இல்லை. மண்ணில் விழுந்தபின் இரண்டுக்கும் ஒரே கதி. முதலில் அம்மோனியாவாக உடைகிறது. நைட்ரோசோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்க, நைட்ரோபாக்டர் வகை நைட்ரேட்டாக்குகிறது. பெரும்பாலான பயிர்கள் விரும்பி எடுத்துக்கொள்வது இந்த நைட்ரேட்டை.

வேர் எடுக்காமல் விட்டதில்தான் வினை. களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம், நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னேற்றம். ஒன்றை ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளாது. பாஸ்பேட் மண்ணோடு ஒட்டிக் கிடக்க, நைட்ரேட் மழையோடும் பாசனத்தோடும் கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. நீர் கட்டிய நெல் வயலில் காற்றில்லாச் சேற்று பாக்டீரியாக்கள் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கி மீண்டும் வானத்துக்கே அனுப்பிவிடும். வெங்காயமும் மிளகாயும் போடும் தோட்டக்காலில் அந்த வசதி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் பல பத்தாண்டுகளாக நைட்ரேட் வரம்பை மீறிப் பதிவாகி வருவதன் காரணம் இதுதான். அங்கே வற்றாத ஆறு இல்லை. குடிக்கவும் இறைக்கவும் அதே கிணறு. தோட்டத்து உரமும் மலக்குழி நீரும் வெடிப்புகள் வழியே அதற்குள்ளேயே இறங்குகின்றன.

இந்தப் பக்கம் நிலைமை பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, நாடு முழுதும் சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வரம்பைத் தாண்டியது. தமிழ்நாட்டில் அது மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

இனி குழந்தைக்கு வருவோம். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கலந்து கொடுக்கப்பட்ட சிசுக்கள் நீலம் பாய்ந்து போவதைப் பதிவு செய்தார். பெரியவர்களின் இரைப்பை அமிலத்தில் பாக்டீரியாக்கள் அதிகம் தழைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே வளரும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் ரத்தத்தில் ஏறி ஹீமோகுளோபினை மெத்தமோகுளோபினாக்குகிறது. அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. அதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதியும் சிசுவிடம் போதிய அளவு இருக்காது. உதடும் நகமும் சாம்பல் கலந்த நீலமாகும். எடுக்கும் ரத்தம் சாக்லேட் பழுப்பில் இருக்கும். ஆக்சிஜன் வைத்தாலும் நிறம் திரும்பாது. வயிற்றுப்போக்கு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இந்த அறிகுறிகளைக் கண்டால் திருஷ்டி கழித்துக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள், ‘கிணற்று நீரில் பால் கலந்து கொடுத்தோம்’ என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெத்திலீன் புளூ என்ற மருந்து இருக்கிறது. அதைச் சிலருக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் மருத்துவமனையில்தான் கொடுக்க முடியும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. தாய் குடிக்கும் நீரிலுள்ள நைட்ரேட் பாலில் பெருமளவு சேர்வதில்லை. சேனை வைப்பது, உரை மருந்து இழைத்துக் கொடுப்பது, வெயில் காலம் என்று இரண்டு சங்கு தண்ணீர் புகட்டுவது எல்லாம் ஆறு மாதம் காத்திருக்கட்டும். புட்டிப்பாலுக்கு விளம்பரம் செய்வதும் தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால், அறிவுரை சொல்வது எளிது. நிறுவன வேலையில் இருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. களை எடுக்கப் போகும் பெண்ணுக்கு அது இல்லை. இரண்டு மாதத்தில் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிறாள். பால் பவுடரும் கிணற்று நீரும் சேருமிடம் அந்த வீடுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் 18,000 ரூபாய்க்கு உதவி உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பதிவு செய்யாதவர்கள் உடனே செய்ய வேண்டும்.

பெரியவர்களுக்கு உடனடி ஆபத்து குறைவு. வயிற்றில் நைட்ரோசமைன்கள் உருவாகும் சூழலில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2010-இல் வகைப்படுத்தியது. அதற்காகக் கீரையை ஒதுக்க வேண்டாம். கீரையிலும் நைட்ரேட் நிறைய உண்டு, கூடவே வைட்டமின் சி-யும் உண்டு. அது நைட்ரோசமைன் உருவாவதைத் தடுக்கிறது.

உங்கள் கிணற்றில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் வந்தபின் ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டிகள் தரப்பட்டு, பெண்களுக்குப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. பெட்டி எங்கே என்று ஊராட்சியில் கேளுங்கள். பல இடங்களில் உறை பிரிக்காமலே இருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களும் சிறு கட்டணத்தில் சோதித்துத் தருகின்றன. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரில் அலசி, நிரம்பப் பிடித்து, வெயில் படாமல் அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அறிக்கையைப் படிக்கும்போது ஓர் இடத்தில் ஏமாறக் கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். வேறு நீர் ஆதாரம் இல்லை என்றாலும் தளர்வு கிடையாது. சில ஆய்வகங்கள் ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்று எழுதும். அந்தக் கணக்கில் வரம்பு சுமார் 10 தான். 12 என்று பார்த்து நிம்மதி அடைந்தால் தவறு, அதை 4.43-ஆல் பெருக்க வேண்டும். 53 வருகிறது.

வரம்பு தாண்டினால் வீட்டில் செய்யக்கூடியது, சிசுவுக்கும் கர்ப்பிணிக்கும் தனியாக ஒரு குடம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்து ஆற்று நீரோ ஆர்.ஓ. நீரோ அதில் இருக்கட்டும். ஆர்.ஓ. வடிகட்டி நைட்ரேட்டை நீக்கும். ஆனால் அது வெளியேற்றும் கழிவு நீரில் நைட்ரேட் செறிந்திருக்கும், கிணற்றடியில் விடக் கூடாது. எருக்குழியும் கான்கிரீட் போடாமல் உறை இறக்கிய கழிவறைக் குழியும் கிணற்றை ஒட்டி இருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். வயலில் யூரியாவை ஒரே வீச்சில் போடாமல் மண் பரிசோதனை பார்த்துப் பிரித்துப் போடுவதும், நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்ப்பதும், தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் செலவைக் குறைக்கும். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன். வேர் குடிக்காமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

தூய குடிநீர் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஜல் ஜீவன் திட்டமும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டரை தர நிர்ணயத்துக்கு உட்பட்ட நீராகத்தான் தரச் சொல்கிறது. குழாய் பதித்ததோடு கடமை முடிவதில்லை. ஆலைக் கழிவு கலந்திருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பசுமைத் தீர்ப்பாயம் என்று போகலாம். ஊரே போட்ட உரத்துக்கும் ஊரே கட்டிய குழிக்கும் யார் மேல் வழக்குப் போடுவது? அங்கே கிராம சபைதான் இடம், மார்ச் 22 உலக நீர் நாளில் கூடுவது குறிப்பாக. ‘கடைசியாக நம் குடிநீரில் நைட்ரேட் சோதித்த தேதி என்ன, அளவு என்ன?’ என்று எழுத்தில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது என்று காட்ட முடிந்தால் 48 மணி நேரத்தில். முதல்வரின் உதவி மையம் 1100-இலும் புகார் பதியலாம். பதிவு எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.